இரண்டு தடவை மட்டும்

அந்த அக்காவின் கடையில் நாமாக ஒரு ஹெட்செட்டை வாங்கிவிட முடியாது. அவர்தான் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன்னால் நம் தலையில் அதை மாட்டி, கம்ப்யூட்டரில் ஒரு துப்பாக்கி ஆட்டத்தை ஓடவிட்டு, நம்மை விளையாடச் சொல்வார். பிறகு எப்போது போனார் என்றே தெரியாமல் பின்னால் போய் நின்று நம்மைக் கூப்பிடுவார். திரும்பினால் பில். திரும்பாவிட்டால் பெட்டியை மூடி மேல் தட்டில் வைத்துவிடுவார். அப்புறம் கெஞ்சினாலும் அழுதாலும் அது நமக்குக் கிடையாது.

ஆரணியில் கோட்டை மைதானத்துக்குப் போகிற வழியில், ஒரு புடவைக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது அவர் கடை. கீபோர்டு, மவுஸ், ஒயர், ரௌட்டர் எல்லாம் வைத்திருந்தார். ஒரு சுவர் முழுக்க ஹெட்செட். அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். ஒல்லி. எந்நேரமும் ஏதாவது ஒரு ஹெட்செட்டை மாட்டிப் பார்த்துக்கொண்டே இருந்ததால் உச்சந்தலையில் முடி அமுங்கி ஒரு கோடு விழுந்திருக்கும். பெயர்ப் பலகையில் அவர் பெயர் இருந்தது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதும் உரிமையை நான் இழந்துவிட்டேன் என்று நினைக்கிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

கடைக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி, எவ்வளவு ரூபாயில் வேண்டும் என்பது இல்லை.

"வீட்ல உன்ன யாரு கூப்புடுவாங்க? இன்னான்னு கூப்புடுவாங்க?"

சர்ட்டிபிகேட்டில் இருக்கும் பெயரைச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். வீட்டுப் பெயர் வேண்டும். களம்பூரில் ரைஸ்மில் வைத்திருப்பவரின் மகன் ஒருவர், ஆறடி உயரம், தாடியும் மீசையுமாக வந்து நின்றார். அக்கா விடாமல் கேட்டதில் காது சிவந்து, "அம்முக்குட்டி" என்றார். வரிசையில் நின்ற நாங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டோம். அக்கா சிரிக்கவே இல்லை. அரை மணி நேரம் கழித்து மாடிப்படி முனையில் போய் நின்று, சமையலறையிலிருந்து ஓர் அம்மா கூப்பிடுகிற அதே அளவுக் குரலில், "அம்முக்குட்டி..." என்றார். அந்த ஆறடி மனிதர் சட்டென்று திரும்பி, "இன்னாம்மா?" என்றார். பில் போட்டுக் கொடுத்தார் அக்கா.

இரண்டு தடவைதான் கூப்பிடுவார். ஏன் மூன்றாவது தடவை கூப்பிடுவதில்லை என்று ஒருநாள் கேட்டேன்.

"மூணாவது தடவ கூப்புட்டா அது கூப்புடறது இல்ல, திட்டறது. திட்டு எந்த ஹெட்செட்லயும் கேக்கும்" என்றார். நான் சிரித்தேன். அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று இப்போது யோசித்தால், இல்லை.

தேசூரிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு வாத்தியாரிடம் மட்டும் அக்கா தடுமாறியதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் யாரும் கூப்பிடமாட்டார்கள், நான் தனி ஆள் என்றார் அவர். அக்கா எழுந்தார். மற்ற யாருக்கும் கொடுக்காமல் மேல் தட்டில் வைத்திருந்த, காதை முழுக்க அடைக்கிற ஹெட்செட் ஒன்றை எடுத்து, விளையாடிக்கூடப் பார்க்கச் சொல்லாமல் கொடுத்துவிட்டார். அவர் படியிறங்கும்போது மட்டும், "சார்" என்று கூப்பிட்டார். அவர் திரும்பினார். "ஒண்ணும் இல்ல சார், சும்மா" என்றார் அக்கா.

இதெல்லாம் கிறுக்குத்தனம் என்று ஊரில் சொல்லிக்கொண்டாலும், ஹெட்செட் விஷயத்தில் அக்காவை அடித்துக்கொள்ள வேலூர் வரைக்கும் ஆள் கிடையாது. "குண்டு வெடிக்கிற சத்தம் எந்த டப்பா ஹெட்செட்லயும் சூப்பரா கேக்கும். அத வெச்சி வாங்காத. காலடி சத்தம் கேக்குதா, எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு தெரியுதா, அதப் பாரு" என்பார். அதிகமாக அதிர்கிற ஹெட்செட் காலடியை விழுங்கிவிடும் என்பார். உருண்டைப் பின் சொருகுகிறது வேண்டாம், யூஎஸ்பிதான் வாங்கு என்பார். நம் ஊர் வீடுகளில் கரண்ட் ஏறி இறங்குவதில் பின் ஹெட்செட்டில் கொர்ரென்று ஓர் இரைச்சல் வரும். யூஎஸ்பியில் சத்தம் பிரிக்கிற சில்லு அதற்குள்ளேயே இருப்பதால் அந்த இரைச்சல் குறையும். கண்ணாடி போட்டவர்கள் கண்ணாடியோடுதான் மாட்டிப் பார்க்க வேண்டும். மாட்டிய உடனே எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். அரை மணி நேரம் போன பிறகுதான் காது மடல் உள்ளே இடிக்கிறதா, உச்சந்தலை வலிக்கிறதா, ரெக்சின் மெத்தையில் வியர்த்து ஊறுகிறதா என்று தெரியும். அதனால்தான் அந்த அரை மணி நேர ஆட்டம். சித்திரை வெயிலில் ரெக்சின் போட்டுக்கொண்டு விளையாடுகிறவர்களை அவர் பார்க்கிற பார்வையே தனி.

நான் அவரிடம் போனது, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி என்னைச் சென்னையிலிருந்து திருப்பி அனுப்பிய வருடத்தில். எங்கள் வீடு தறி வீடு. முன்கட்டில் நைனா நெய்வார். உள்ளறையில் எனக்கு மேஜை போட்டாயிற்று. பகலில் மீட்டிங், சாயங்காலம் காலேஜ் தோழிகள் நான்கு பேரோடு ஆட்டம். மீட்டிங்கிலும் சரி ஆட்டத்திலும் சரி, தறிச் சத்தம் என் மைக் வழியாக எல்லோருக்கும் போனது. "உங்க வீட்ல யாருடி எந்நேரமும் சுத்தியால அடிக்கறது?" என்று கேட்டு மானத்தை வாங்கினார்கள். எதிரியின் காலடி எனக்குக் கேட்கவே கேட்காது. தறி இடிக்கிற சத்தத்தில் எல்லாம் கலந்துவிடும். எனக்கு வேண்டியது ஒன்றுதான், தறி கேட்கவே கூடாது.

அக்காவிடம் அதைச் சொன்னேன். அவர் கை நின்றது.

"தறி வீடா?"

"ஆமாக்கா."

"வீட்ல யாரு நெய்யறாங்க?"

"நைனா."

"உன்ன இன்னான்னு கூப்புடுவாரு?"

"பாப்பு."

மூன்று ஹெட்செட்டில் தோற்றேன். அதாவது எனக்குப் பிடித்த மூன்றிலும் அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் எனக்குப் பிடிக்கவில்லை. அவை மெத்தைக்குத் துணி உறை போட்டவை, வெளிச்சத்தம் கசிந்து வரும். நான்காவதாக மாட்டியது தலையில் இருப்பதே தெரியவில்லை. காலடிகள் ஒவ்வொன்றாக எண்ணுகிற மாதிரி கேட்டன. இதை விடக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். ஆட்டத்தில் ஒரு கட்டம் முடிந்து அடுத்தது வருவதற்குள் திரை ஒரு நொடி கறுப்பாகும். அந்தக் கறுப்பில் எனக்குப் பின்னால் படி முனையில் அக்கா நிற்பது தெரிந்தது. வாய் அசைந்தது. நான் திரும்பினேன்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா."

"இன்னான்னு கூப்ட்டேன்?"

"பாப்புன்னு."

அக்கா என்னையே பார்த்தார். பிறகு பில் போட்டார்.

வீட்டில் போய் மாட்டினேன். தறி காணாமல் போனது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. நைனாவிடம் எங்கே வாங்கினேன் என்று சொன்னபோதுதான் அவர் குறுக்கிழை ஓட்டுகிற நாடாவைக் கையில் பிடித்தபடி தறியை நிறுத்தினார்.

"அந்தப் பொண்ணு கடையிலயா?"

எங்கள் தறி வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வழக்கம் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, மூச்சு விடுகிற மாதிரி அது. தறி ஓடுகிறவரை யாருக்கும் அது கேட்காது. நின்றால் கேட்கும். தறி நின்று நாலு மூச்சு ஆகிவிட்டால், அம்மா அடுப்படியிலிருந்தே "இன்னாங்க?" என்பாள். நைனா "இழை" என்பார். இழை அறுந்திருக்கிறது, முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறேன், வேறு ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அம்மா பாட்டுக்கு வெங்காயம் நறுக்குவாள். ஒருநாளைக்கு எத்தனை தடவை என்று கணக்கே கிடையாது. கேட்டது அம்மாவுக்கும் நினைவிருக்காது, சொன்னது நைனாவுக்கும் நினைவிருக்காது.

அக்காவின் வீட்டுக்காரரும் நெய்கிறவராகத்தான் இருந்தார் என்று நைனா சொன்னார். கொசப்பாளையத்தில் வீடு. அக்கா அப்போதே கடை வைத்திருந்தார், புதிதாக வரும் ஹெட்செட்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போய் மணிக்கணக்கில் விளையாடிப் பார்த்துத்தான் கடையில் மாட்டுவார். ஒரு பிற்பகல் அப்படி உள்ளறையில் அவர் விளையாடிக்கொண்டிருந்தபோது, முன்கட்டில் வீட்டுக்காரர் தறியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். முக்கால் மணி நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தபோதுதான் அக்கா பார்த்திருக்கிறார். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

"தறி நின்னத அக்கம்பக்கத்துல யாருமே கேக்கலியா நைனா?"

"பக்கத்து வூட்டு பொம்பள கேட்டுச்சாம். எந்திரிச்சி வரப் போச்சாம். அதுக்குள்ள உள்ளேர்ந்து இந்தப் பொண்ணு 'இன்னாங்க'ன்னு கேட்டுச்சாம். சரி, வூட்ல ஆளு கீது, பாத்துக்கும்னு குந்திட்டுச்சாம்." நைனா நாடாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பொண்ணு, நான் கேக்கவே இல்ல, எனக்குத் தறி நின்னதே தெரியாதுன்னு தலையில அடிச்சிகினு அழுதுது. ஊரு இன்னா சொல்லும்? கேட்டுட்டு, பதில் வரலன்னு தெரிஞ்சும் ஆட்டத்துலயே குந்திகினு இருந்தான்னு பாதி சொல்லுச்சு, பக்கத்து வூட்டுக்காரிதான் பொய் சொல்றான்னு பாதி சொல்லுச்சு. ரெண்டு பொம்பளையும் அன்னையிலேர்ந்து பேசிக்கறது இல்ல. ஒண்ணு பொய்யின்னா இன்னொண்ணு நெஜம். எது எதுன்னு யாருக்குத் தெரியும்?"

அக்கா ஏன் கூப்பிட்டுப் பார்க்கிறார் என்று தெரிந்துவிட்டது. அந்தச் சோதனையில்தான் நான் ஏமாற்றியிருந்தேன்.

ஏமாற்றியவர்களுக்கு ஒரு ஒட்டுதல் வந்துவிடும் போலிருக்கிறது. அடிக்கடி கடைக்குப் போக ஆரம்பித்தேன். மவுஸ் சரியில்லை, ஒயர் சரியில்லை என்று ஏதாவது காரணம். அக்கா எனக்கு டீ சொல்வார். புதிதாக வந்ததை என் தலையில் மாட்டி, "சொல்லு, இன்னா குற?" என்பார். விளையாட்டில் என்னை மண்ணைக் கவ்வ வைப்பார். அவர் மாதிரி காலடி கேட்டு ஆளைச் சுடுகிறவரை நான் பார்த்ததில்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. பயமாகவும் இருந்தது.

பயத்துக்குக் காரணம் ஒருநாள் போன கரண்ட். கடைக்குப் பின்பக்கத்துத் தெருவில் விசைத்தறிகள் பத்துப் பன்னிரண்டு ஓடும். அந்த இரைச்சல் எந்நேரமும் இருக்கும். கரண்ட் போனால் தெரு மொத்தமும் ஒரே அடியாக நின்றுவிடும். அன்று நான் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்தேன். திரை அணைந்தது. அக்காவைப் பார்த்தேன். அவர் ரசீது எழுதிக்கொண்டிருந்தார். குனிந்த தலை நிமிரவில்லை, பேனா நிற்கவில்லை. வாய் மட்டும் அசைந்தது. ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, "இன்னாக்கா சொன்னீங்க?" என்றேன்.

"நான் ஒண்ணும் சொல்லலியே" என்றார்.

அடுத்த வருடம் தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் செய்தார். "பாப்பு, உனக்குத் தறியில குந்தத் தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். பள்ளிக்கூட லீவில் நைனா உட்காரவைத்துப் பழக்கியிருந்தார். "வூட்டுக்கு வா. ஒரு வேல கீது."

அவர் வீட்டுத் தறியில் இப்போது கொழுந்தனார் நெய்கிறார். அன்று குடும்பத்தோடு பெரணமல்லூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அக்கா தெருமுனையிலேயே எனக்காக நின்றிருந்தார். வீட்டுக்கு நடக்கும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அன்னிக்கி மொதல் தடவ கூப்ட்டப்ப நீ திரும்பல. ரெண்டாவது தடவ நான் சத்தமே குடுக்கல பாப்பு. வாய மட்டும்தான் அசைச்சேன்."

"அக்கா, நான்..." என்று இழுத்தேன்.

"விடு. திரையில பாத்திருப்ப. நான் அதுக்கு ஒண்ணும் சொல்லல."

பீரோவிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். வீட்டுக்காரர் சாய்ந்த அன்றைக்கு அவர் தலையில் இருந்த ஹெட்செட். கறுப்பு, தடித்த மெத்தை, ஒரு கீறல் இல்லை. அதை அவர் விற்கவும் இல்லை, எறியவும் இல்லை. உள்ளறையில் அதே மேஜை, அதே நாற்காலி. அதே அளவு சத்தம் வைத்திருப்பதாகக் காட்டினார். பிறகு என்னை முன்கட்டுக்கு அழைத்து வந்து தறிக்குழியில் இறக்கினார். தறியில் ஒரு மாம்பழ நிறப் புடவை இருந்தது. பூ வேலை இல்லாத வெறும் உடல் பகுதி.

"நீ நெய்யி. உனக்கு எப்பத் தோணுதோ அப்ப நிறுத்து. எங்கிட்ட சொல்லாத. நிறுத்திட்டு அஞ்சு நிமிஷம் சும்மா குந்தியிரு. அப்புறம் உள்ள வந்து, எனக்குக் கேட்டுச்சான்னு கேளு. நான் வாயத் தெறந்தனா இல்லியான்னு நீ சொல்லு." குழிக்கு மேல் குனிந்தார். "எனக்கு ஒருத்தர் சொன்னா போதும் பாப்பு. ஒரே ஒருத்தர்."

உள்ளே போய், வாசலுக்கு முதுகு காட்டி, வெறுங்காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தார். ஹெட்செட்டை மாட்டினார். துப்பாக்கி சுடுவது திரையில் தெரிந்தது. நான் மிதித்தேன். நாடா ஓடியது. அச்சுப்பலகை இடித்தது. முதலில் தாறுமாறாக வந்து, பிறகு கை பழகிக்கொண்டது. ஒரு விரற்கடை நெய்திருப்பேன். அந்த ஒரு விரற்கடை இன்று யாருடைய கல்யாணப் புடவையிலோ இருக்கிறது.

நிறுத்தினேன்.

ஒரு மூச்சு. இரண்டு. மூன்று. நான்கு.

"இன்னாங்க?"

உள்ளேயிருந்து வந்தது. சோகம் இல்லாத, அவசரம் இல்லாத குரல். கை வேலையாக இருக்கிற ஒரு பெண் கேட்கிற குரல். என் நாக்கு நுனியில் "இழை" என்ற சொல் தானாக வந்து நின்றது. பல்லைக் கடித்து அதை விழுங்கினேன். அந்தக் குழியில் உட்கார்ந்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. உள்ளே மவுஸ் தட்டுகிற சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி அந்த ஐந்து நிமிடத்தைக் கழித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஐந்து நிமிடம் வேறு கிடையாது.

உள்ளே போனேன். தோளைத் தொட்டதும் அக்கா துள்ளினார். ஹெட்செட்டைக் கழற்றினார்.

"நிறுத்தினியா?"

"நிறுத்தி அஞ்சு நிமிஷம் ஆச்சுக்கா."

"எனக்குக் கேக்கல பாப்பு! சாமி சத்தியமா கேக்கல!" என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அது பொய் சொல்கிறவரின் முகம் இல்லை. பொய் சொல்கிற முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், என்னிடம் ஒன்று இருக்கிறது. "நான் எதனா சொன்னனா? வாயத் தெறந்தனா?"

'இன்னாங்க' என்று அவர் கேட்டது அவருக்கே தெரியவில்லை. அன்றைக்கும் தெரிந்திருக்காது.

"இல்லக்கா" என்றேன். "நீங்க ஒண்ணுமே சொல்லல."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் உட்கார்ந்து அழுதேன். நான் எதற்கு அழுகிறேன் என்று அவருக்குத் தெரியாது. ஊரில் அவரிடம் ஹெட்செட் வாங்கியவர்கள் இருநூறு பேர் இருப்பார்கள். அத்தனை பேரில் என்னை ஏன் கூப்பிட்டார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்காததைக் கேட்டது என்று சொன்னவள் நான். கேட்டதைக் கேட்கவில்லை என்றும் சொல்வேன் என்று அவருக்குள் ஏதோ ஒன்று அறிந்திருக்க வேண்டும்.

வாசலுக்கு வந்தபோது பக்கத்து வீட்டு அம்மாள் தன் படியில் நின்றிருந்தார். என்னைத்தான் பார்த்தார். என் பின்னால் அக்கா வந்துகொண்டிருந்தார்.

"இன்னாம்மா, தறி நின்னுச்சே? இவ 'இன்னாங்க'ன்னு கேட்டாளே? இத்தினி வருஷம் என்ன பொய்க்காரின்னாங்களே... உனக்குக் கேட்டுச்சில்ல? சொல்லும்மா."

தெரு முழுக்க வெயில். அக்காவின் மூச்சு என் தோளில் பட்டது.

"இல்லீங்க அத்த. ஒண்ணும் கேக்கல" என்றேன்.

அந்த அம்மாள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. கையைத் தூக்கித் தன் காதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அப்ப எனக்குத்தான் காதுல கோளாறு போல கீது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு உள்ளே போனார். அன்றைக்கு வரைக்கும் ஊரில் பாதிப் பேர் நம்பாவிட்டாலும் தன் காதை அவர் நம்பிக்கொண்டிருந்தார். அதையும் நான் பிடுங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு அக்கா யாரையும் கூப்பிடவில்லை. வந்தவர்கள் கேட்டதை எடுத்துக் கொடுத்தார். வியாபாரம் நன்றாகவே நடந்தது. உச்சந்தலைக் கோடு மறைந்தது. பூ வைத்துக்கொண்டுகூட ஒருநாள் பார்த்தேன். நான் செய்தது நல்ல காரியம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறேழு மாதத்தில் கடையைக் கொடுத்துவிட்டு ஓசூரில் இருக்கும் தம்பி வீட்டோடு போய்விட்டார். போவதற்கு முந்தின நாள் அந்தப் பெட்டியை என்னிடம் கொடுத்தார். "இத நீ வெச்சிக்க. எனக்கு இனிமே இத வெச்சிக்க வேண்டிய அவசியம் இல்ல. நல்ல ஹெட்செட்டு. வீணாப் போகக்கூடாது."

உண்மையிலேயே நல்ல ஹெட்செட். நான் மாட்டியதிலேயே சிறந்தது அதுதான். நாலு மணி நேரம் மாட்டினாலும் காது வலிக்காது. ஆட்டத்தில் பெய்கிற மழைத்தூறல் ஒவ்வொரு சொட்டாகக் கேட்கும். வேறு எதுவும் கேட்காது.

போன மாதம் ஒரு மத்தியானம் அதை மாட்டிக்கொண்டு உள்ளறையில் தோழிகளோடு விளையாடிக்கொண்டிருந்தேன். அம்மா வீட்டில் இல்லை, கோயிலுக்குப் போயிருந்தாள். முன்கட்டில் நைனா மட்டும். ஆட்டம் உச்சத்தில் இருந்தபோது யாரோ அறை வாசலில் நிற்பது தெரிந்து திரும்பினேன். நைனா, கையில் அறுந்த இழையோடு. ஹெட்செட்டைக் கழற்றினேன்.

"இழைன்னு சொன்னனே பாப்பு. மறுபடியும் மறுபடியும் இன்னாத்துக்குக் கேட்டுகினே கீற?"

"நான் எப்ப நைனா கேட்டேன்?"

"இப்பதான். 'இன்னா நைனா'ன்னு ரெண்டு தடவ கேட்டியே."

நான் கேட்கவில்லை. சத்தியமாக நான் கேட்கவில்லை.

நைனா போய்த் தறியில் உட்கார்ந்தார். ஆட்டத்தை நிறுத்திவிட்டு, எந்தச் சத்தமும் ஓடவிடாமல் அந்த ஹெட்செட்டை மறுபடியும் மாட்டிக்கொண்டேன். காதில் ஒன்றும் இல்லை. ஆனால் பாதத்தில் இருந்தது. தறி இடிப்பது ஒவ்வொரு அடியாகத் தரை வழியாக வந்து உள்ளங்காலில் ஏறிக்கொண்டிருந்தது. காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்தேன், போய்விட்டது. தரையில் வைத்தேன், வந்தது. அக்காவுக்குக் கேட்கவில்லை என்பது உண்மை. பக்கத்து வீட்டு அம்மாளுக்குக் கேட்டது என்பதும் உண்மை. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அந்த வீட்டில் பொய் சொன்னது நான் ஒருத்திதான்.

அதோடு இன்னொன்றும் இருக்கிறது. அக்கா தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டிருக்கிறார். கடைசியாக அந்த மனிதருக்குக் கேட்ட குரல் அவருடையதாக இருந்திருக்கும். அது அக்காவுக்குத் தெரியாது. தெரியவிடாமல் செய்தது நான்.

அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தேன். எண் மாறவில்லை. இரண்டாவது மணியிலேயே எடுத்தார். பின்னால் எங்கோ டிவி ஓடுவதும் குழந்தைகள் சிரிப்பதும் கேட்டது.

"பாப்பு?" என்றார். அதே குரல், படி முனையில் நின்று கூப்பிடுகிற அளவில்.

வாயைத் திறந்தேன். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"பாப்பு?" என்றார் மறுபடியும்.

எனக்கு நன்றாகவே கேட்டது. மூன்றாவது தடவை அவர் கூப்பிடவில்லை.